படகு வண்டிக்கு எத்தனை காற்று?

1

பெர்த் நகரத்தில் இறங்கிப் பதினெட்டு ஆண்டு முடிந்ததைக் கொண்டாட நான் ஒரு படகு வாங்கினேன். மூன்றரை மீட்டர் அலுமினியப் படகு, பின்னால் சின்ன இயந்திரம், கீழே இரண்டு சக்கர இழுவண்டி. மூன்றும் பழையவை. பக்கத்து வீட்டு கிரெக் முதுகுவலி வந்து கடலை விட்டவர். அவருடைய புல்வெளியிலிருந்து என்னுடைய புல்வெளிக்கு வண்டி இருபதடி நகர்ந்து வந்தது. அந்த இருபதடிப் பயணத்தில் மட்டும் எந்தப் பிரச்சினையும் இல்லை.

படகு வாங்கியதற்கு உண்மையான காரணம் ஆண்டு விழா இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் கதிரவன் ஒவ்வொரு கூட்டத்திலும் என்னை மேடைக்கு இழுத்து, "முத்துக்குளித்துறையில் பிறந்து அலைகளோடு விளையாடி வளர்ந்த நமது சேவியர்" என்று அறிமுகம் செய்வார். அவர் கோயம்புத்தூர்க்காரர். தூத்துக்குடியில் பிறந்தவனெல்லாம் காலையில் எழுந்து முத்து எடுத்துவிட்டுத்தான் பல் தேய்ப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. நான் மறுக்கவில்லை. பதினெட்டு ஆண்டாக மறுக்கவில்லை.

நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஊரில் எனக்கு வேலை துறைமுகத்துக்கு வெளியே, ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தின் மாடியில். கப்பல்களை நான் காகிதத்தில்தான் பார்த்தேன். எத்தனை டன், எந்தக் கொடி, எத்தனை பிரதி, எங்கே முத்திரை. ஒரே ஒரு முறை ஆலந்தலைக் கடற்கரையில் சித்தப்பாவின் வள்ளத்தில் ஏறி, கரை மறைவதற்கு முன்பே வாந்தி எடுத்தேன், அவர் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். எனக்கு நீச்சலும் தெரியாது. இதெல்லாம் சங்கத்துக்குத் தெரியாது. என் மகள் ஷெரினுக்கும் தெரியாது.

இந்த ஆண்டு கதிரவன் "தமிழர் கடல் உலா" என்று ஒன்றை அறிவித்து, படகு வைத்திருப்பவர்கள் கொண்டுவர வேண்டும், சேவியர் முன்னின்று நடத்துவார் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். படகு வாங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2

இந்த நாட்டில் இழுவண்டியும் ஒரு வாகனம். அதற்குத் தனி எண், தனிப் பதிவு, தனிப் பெயர் மாற்றம். படிவத்தில் வண்டியின் நிறம் கேட்டிருந்தார்கள். எந்த இடத்தின் நிறத்தை எழுதுவது என்று எனக்கும் மனைவி ஸ்டெல்லாவுக்கும் ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். கடைசியில் "வெள்ளி" என்று எழுதினோம். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, அதை அடித்துப் "பலநிறம்" என்று திருத்தினார்.

சோதனைக்கு நான்கு முறை போனேன். முதல்முறை வலது விளக்கு எரியவில்லை. இரண்டாம் முறை, வண்டி எவ்வளவு சுமை தாங்கும் என்று பொறித்த தகடு துருப்பிடித்துப் படிக்க முடியவில்லை. மூன்றாம் முறை எல்லாம் சரி, ஆனால் இழுவண்டிகளுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். செவ்வாயன்று எல்லாவற்றையும் தட்டி, குலுக்கி, படம் பிடித்து, முத்திரை குத்தித் தந்தார்கள்.

"டயரில் எத்தனை காற்று வைக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

அந்த அதிகாரி என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அது ஓட்டுபவரின் பொறுப்பு" என்றார்.

காற்று விஷயத்தில் எனக்கு இந்த நாட்டோடு பழைய கணக்கு உண்டு. வந்த புதிதில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காற்றுப் பிடிக்கும் குழாயைக் காணவில்லை. உள்ளே போய்க் கேட்டேன். தமிழில் காற்று ஒன்றுதான். வீசினாலும் காற்று, டயருக்குள் இருந்தாலும் காற்று. ஆங்கிலத்தில் ஏர், விண்ட் என்று இரண்டு சொல் இருப்பதும், அதில் விண்ட் வயிற்றுக்குள்ளும் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். "எனக்குக் காற்றுப் பிரச்சினை, எங்கே பார்க்கலாம்?" கல்லாவில் இருந்த பெண் மிகுந்த அனுதாபத்தோடு மருந்து அலமாரியைக் காட்டினாள். புதினா வாசனையோடு மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று கார் காற்று இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தது.

இப்போது ஆங்கிலம் தேறிவிட்டது. விடைதான் தேறவில்லை. கிரெக்கைக் கேட்டேன். அவர் டயரைக் காலால் ஒரு உதை உதைத்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். படகுக் குழாமின் அறிவிப்புப் பலகை முப்பத்தைந்திலிருந்து நாற்பது பி.எஸ்.ஐ. என்றது. என் காரின் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் முப்பத்துமூன்று, ஆனால் அது காருக்கு. இணையத்தில் கேட்டேன். இரண்டு முதியவர்கள் அங்கே பல மாதமாக இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவருடைய தாயாரை இழுத்திருந்தார். அதற்கு மேல் படிக்கவில்லை.

அப்புறம் டயரையே பார்த்தேன். அதன் பக்கவாட்டில், எழுத்து புடைத்து நிற்க, தெளிவாக அச்சிட்டிருந்தது: அதிகபட்சம் ஐம்பது.

கிளார்க்காக இருந்தவனுக்கு அச்சில் இருப்பதைவிட உயர்ந்த உண்மை கிடையாது. தவிர, "அதிகபட்சம்" என்ற சொல்லை நம் ஊர்ப் பள்ளியில் படித்தவன் வேறு மாதிரிப் புரிந்துகொள்வான். அது தாண்டக் கூடாத எல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. வாங்க வேண்டிய மதிப்பெண் என்று தோன்றியது. ஐம்பதுக்கு ஐம்பது வைத்தேன். விரலால் சுண்டினால் உடுக்கை மாதிரிச் சத்தம் வந்தது. திருப்தியாக இருந்தது.

3

கடல் உலாவுக்கு முந்தின வாரச் சனிக்கிழமை காலை ஒத்திகை. முன்னால் நான் படகை இழுத்துக்கொண்டு போனேன். பின்னால் இன்னொரு காரில் ஷெரின். பதினேழு வயது, பழகுநர் உரிமம், பக்கத்தில் ஸ்டெல்லா. கிளம்பிய முதல் சிக்னலில் ஜன்னலை இறக்கிக் கை காட்டி அவளைத் திட்டினேன். "ஏன் இவ்வளவு தள்ளி வாறே? ஒட்டி வா. இடையில எவனாவது பூந்துருவான்." அவள் தன் ஜன்னலை ஏற்றினாள். ஒட்டி வரவில்லை.

ரயில் தண்டவாளத்தைக் கடந்தபோது கண்ணாடியில் படகு தெரிந்தது. அது தெரியக் கூடாத உயரத்தில் தெரிந்தது. வண்டி குதிக்கிறது, வண்டிக்கு மேல் படகு தனியாகக் குதிக்கிறது. அலுமினியச் சட்டி உருட்டுகிற சத்தம். இழுவண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பின்னால் ஷெரின் ஹாரன் அடித்தாள். இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. இவள் உற்சாகத்தில் அடிக்கிறாள் என்று நானும் பதிலுக்கு ஒன்று அடித்தேன். அவள் திரும்பத் திரும்ப அடித்தாள். நானும் அடித்தேன். எங்கள் ஊர்க் கல்யாண ஊர்வலம் மாதிரிப் போனோம்.

அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. குதித்த குதியில் படகின் மூக்கைப் பிடித்திருந்த கொக்கி கழன்று வார் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பின்பக்கத்து வாரும் தளர்ந்துவிட்டது.

கடற்கரைக்கு முன் ஒரு மேடு. மேட்டின் நடுவில் சிவப்பு விளக்கு. நின்றேன். பச்சை விழுந்தது, காலை அழுத்தினேன். கார் முன்னால் போனது, வண்டியும் போனது. படகு போகவில்லை.

அந்தச் சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை. இறங்கி ஓடினேன். படகு பின்பக்கமாக வழுக்கி இறங்கி, இயந்திரத்தின் அடிக்கால் தார்ச்சாலையில் குத்தி நின்றிருந்தது. அதன் விசிறிக்கும் ஷெரினின் கார் முகப்புக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம். அவள் இரண்டு கார் தூரம் விட்டு நின்றிருந்ததால் அந்த இடம் மிஞ்சியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டு ஒட்டி வந்திருந்தால் விசிறி எங்கே இருந்திருக்கும் என்று அளந்து பார்த்தேன். அவள் காரின் முன்கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இல்லை.

ஸ்டெல்லா கையில் ஜெபமாலை இருந்தது. ஷெரின் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். நான் கதவைத் திறந்தேன். அவள் ஆங்கிலத்தில் பேசவில்லை. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வரும்.

"அப்பா, உங்களுக்கு போட் பத்தி ஒண்ணுமே தெரியாது. இல்ல?"

நடுச்சாலையில், பின்னால் பத்துப் பதினைந்து கார் பொறுமையாகக் காத்திருக்க, பதினெட்டு ஆண்டில் முதல்முறையாக உண்மை சொன்னேன். "தெரியாதும்மா."

மாநகராட்சி ஆட்கள் நான்கு பேர் படகைத் தூக்கி ஏற்றித் தந்தார்கள். விபத்தைப் பதிவு செய்ய இரண்டு அலுவலகம். சாலை அலுவலகம், விழுந்தது படகு, அது எங்களுக்கு வராது என்றது. கடல் அலுவலகத்தின் படிவம், சம்பவத்தின்போது படகு நங்கூரமிட்டிருந்ததா, சென்றுகொண்டிருந்ததா, தரைதட்டியிருந்ததா என்று கேட்டது. "தரைதட்டியிருந்தது" என்று டிக் செய்தேன். எந்தக் கடல்பகுதி என்ற இடத்தில் சாலையின் பெயரை எழுதினேன். இன்றுவரை பதில் வரவில்லை.

4

எனக்குத் தெரிந்தவர்களில் டயர் பற்றித் தெரிந்த ஒரே மனிதர் என் அக்காள் ரோஸ்லினின் கணவர், சூசை அத்தான். தூத்துக்குடியில் துறைமுகச் சாலையில் லாரிகளுக்குப் பஞ்சர் பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவரைக் கேட்பதற்கு ஒரு தடை இருந்தது. தடை நான்தான்.

போன விடுமுறையில் அவர் கடைக்குப் போயிருந்தேன். பெஞ்சில் டிரைவர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஒரு உப்பு லாரியின் சக்கரங்களை இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். எனக்குள் இருந்த வெளிநாட்டுக்காரன் எழுந்து நின்றான்.

"என்ன அத்தான் இது, கம்பால தட்டிக் காத்துப் பாக்கீங்க? எங்க நாட்டுல இப்படிச் செஞ்சா கடைய இழுத்துப் பூட்டிருவான். அங்க எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு, ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு."

எங்க நாட்டுல. பெஞ்சில் ஒருவர் சிரித்தார். அத்தான் கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு டீ சொல்லப் போனார். நான் கிளம்பிய அன்று வழியனுப்ப அவர் வரவில்லை. அக்காள் மட்டும் கருப்பட்டிப் பொட்டலத்தோடு வந்தாள்.

விபத்துக்கு மறுநாள், ஞாயிறு மாலை அழைத்தபோது அக்காள்தான் எடுத்தாள். படகு விழுந்த கதையைக் கேட்டு மாதாவைக் கூப்பிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு இங்கனதான் இருக்காரு. பேச மாட்டேங்காரு" என்றாள். பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது.

"அவுக நாட்டுல ஸ்டாண்டர்ட் இருக்கும்லா. அதப் பாத்துப் பிடிக்கச் சொல்லு."

"அத்தான்," என்றேன், அக்காளின் காது வழியாகவே. "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. ஆளுக முன்னால அப்படிப் பேசிருக்கப்புடாது. நேத்து ஷெரினு பொழச்சது அவ புத்தியால. என்னால இல்ல."

கடையில் கம்ப்ரஸர் ஓடி நின்றது. அப்புறம் போன் கை மாறியது.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"இல்ல அத்தான்."

"எத்தன காத்து வச்சிருந்தே?"

"அம்பது. டயர்ல போட்டிருந்துச்சு."

"செரி. பாரம் எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. சொன்னேன்.

"பாரம் தெரியாம எப்படி மாப்ள காத்து வச்சே? நான் கம்பால தட்டுதேன்னு சொன்னியே, பன்னெண்டு சக்கரத்துல எது எறங்கிருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் தட்டுதேன். அளவு பாக்குறதுக்கு எங்கிட்டயும் கேஜ் இருக்கு. உப்பு லாரி வந்தா மொதல்ல எடை மேடைச் சீட்டத்தான் கேப்பேன். சீட்டு இல்லாம காத்து கெடையாது."

அன்று அவர் இதைச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"துறைமுகத்துலருந்து கரண்டு எடுக்குற காத்தாடி எறக்க லாரியில போகும் பாத்திருக்கியா? அம்மாந்நீளம் இருக்கும், ஆனா அந்த வண்டி தாங்குற பாரத்துக்கு எறக்க ஒண்ணுமே இல்ல. அதுக்குப் போயி உப்பு லாரிக்கு வைக்கிற காத்த வச்சா, ரோட்டுல குதிச்சிக் குதிச்சி எறக்க விரிசல் விட்டுரும். டயருங்கிறது பாதி ஸ்பிரிங்கு மாப்ள. நீ அதக் கல்லா ஆக்கிட்டே. டயர்ல எழுதிருக்கது முழுப் பாரத்துக்கு வைக்கிற காத்து. ஒம்படகு முழுப் பாரமா?"

அதற்குள் ஷெரின் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். அவளிடம் டயர் கம்பெனியின் சுமை அட்டவணை இருந்தது, நேற்றே தேடி எடுத்திருக்கிறாள்.

"மாமா, எவ்வளவு பாரத்துக்கு டயர் எவ்வளவு காட்டு சாப்பிடும்னு இதுல இருக்கு."

காத்து அவள் வாயில் எப்போதும் காட்டுதான். அத்தான் சிரிக்கவில்லை. "எத்தன சாப்பிடும்னு போட்டிருக்கான்? வாசி" என்றார்.

5

மறுநாள் திங்கள் மாலை எடை மேடைக்குப் போனோம். படகு, இயந்திரம், எரிபொருள், ஐஸ்பெட்டி, இழுவண்டி எல்லாம் சேர்த்து முந்நூற்று நாற்பது கிலோ. இரண்டு டயரும் சேர்ந்து எண்ணூறு கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடியவை. ஐம்பது அந்த எண்ணூறுக்கு. எங்கள் சுமை பாதிகூட இல்லை.

அட்டவணையில் மிகக் கீழ்வரிசை இருபத்திரண்டு. அதுவே எங்களுக்குத் தாராளம் என்று ஷெரின் சொன்னாள். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பெனிக்காரன் சொன்னதுக்குக் கீழ போகப்புடாது, அது செரி. ஆனா அந்தக் கோட்டுமேலயே நிக்கவும் வேண்டாம். ஒரு வாரம் பாக்காம விட்டா தானா எறங்கும். காத்து கம்மியானா டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். சூடேறுனா வெடிக்கும். கொஞ்சம் கூட்டி வையி."

"எவ்வளவு கூட்டணும் மாமா?"

"அத நான் இங்கன இருந்து சொல்ல முடியாது. சாக்பீஸ் இருக்கா?"

டயரின் முகத்தில் குறுக்காகச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னார். நேரான சாலையில் கொஞ்சம் ஓட்டி இறங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரம் மட்டும் அழிந்தால் குறைவு. கோடு முழுக்க ஒன்றுபோல் அழிய வேண்டும். படகுக்குள் பாதி வாளித் தண்ணீர் வைத்து எவ்வளவு சிந்துகிறது என்றும் பார்க்கச் சொன்னார். பார்ப்பதெல்லாம் சரி, ஆனால் கேஜ் வைத்து அளப்பது காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

அந்த வாரம் முழுக்க எங்கள் தெரு இந்த வேடிக்கையைப் பார்த்தது. நான் ஓட்டுவேன், ஷெரின் குனிந்து பார்ப்பாள், ஸ்டெல்லா எழுதிக்கொள்வாள். ஐம்பதில் நடுக்கோடு மட்டும் அழிந்தது, வாளி கவிழ்ந்தே போனது. நாற்பதில் பாதித் தண்ணீர் மிஞ்சியது. இருபத்திரண்டில் ஓரம் முதலில் அழிந்தது. இருபத்தெட்டில் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒன்றுபோல் மறைந்தது, வாளியில் ஒரு கை நீர்தான் குறைந்தது. ஒரு மணி நேரம் ஓட்டியபின் டயரைத் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்புத்தான். கிரெக் வேலியருகில் வந்து, "என்ன வைத்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். போய்த் தன் காரின் டயரை ஒரு உதை உதைத்தார்.

இதற்கிடையில் கதிரவனைக் கூப்பிட்டு, எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, நீச்சல் தெரியாது, முத்தை நகைக்கடைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர், "அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே சேவியர்" என்றார். அச்சில் இருப்பதை மாற்ற முடியாத வருத்தம் எனக்குப் புரிந்தது. படகைக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்றேன்.

6

உலா நாளன்று காலை எல்லாம் கட்டி முடித்தேன். புதுக் கொக்கி, கூடவே பாதுகாப்புச் சங்கிலி, பின்னால் இரண்டு வார். ஷெரின் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் அந்தச் சாலைப்பக்கமே ஓட்டவில்லை. ஸ்டெல்லாவும் வற்புறுத்தவில்லை. "நான் உங்ககூட முன்னால வாரேன், அவ வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தாள்.

காரைக் கிளப்பப் போனபோது ஷெரின் வெளியே வந்தாள். கையில் மற்ற காரின் சாவி.

"அம்மா, நீ என்கூட வா. நான் பின்னாடி வரேன்."

"வேண்டாம்மா" என்றேன். "நீ முன்னால உக்காரு. இல்லன்னா இங்க இரு."

"பின்னாடி இருந்தாத்தான் அப்பா தெரியும். குதிக்குதா இல்லயான்னு உங்களுக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியல."

சரி என்றேன். எவ்வளவு தூரம் விட்டு வர வேண்டும் என்று சொல்லப் போனேன். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

வழி முழுக்கக் கண்ணாடியையே பார்த்தேன். தண்டவாளம் வந்தது. வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்தது, படகு அதோடு சேர்ந்தே எழுந்து சேர்ந்தே அமர்ந்தது. அதற்குப் பின்னால், அவள் வைத்த தூரத்தில், சின்ன வெள்ளைக் கார். மேடு வந்தது. சிவப்பு விழுந்தது. நின்றேன்.  கண்ணாடியில் முகம் தெரிகிற அளவுக்கு அவள் கிட்டத்தில் இல்லை. பச்சை விழுந்தது. காலை மெதுவாக அழுத்தினேன்.

கார் போனது. வண்டி போனது. படகும் போனது. மேட்டின் உச்சியில் கடல் தெரிந்தபோது, பின்னாலிருந்து ஒரே ஒரு ஹாரன் கேட்டது. நான் பதிலுக்கு அடிக்கவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி இறங்கி, என்ன என்று கேட்கப் போனேன்.

அவள் ஜன்னலை இறக்கினாள். "ஒண்ணும் இல்லப்பா" என்றாள். "நல்லா போகுது. போங்க."